நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ

நாள் 14 · 07:10

தெற்குக் கொட்டகை, செவ்வாய்க் கோள். வெளியே கழித்தல் அறுபத்திரண்டு டிகிரி, உள்ளே பதினெட்டு. காளைகள் நாற்பத்தெட்டு. எல்லாம் காயடித்தவை, எல்லாம் எழுந்து நிற்கின்றன. தின்ன மறுத்தது எதுவும் இல்லை. கழிச்சல் இல்லை.

பதிவு செய்பவள்: செ. பிலோமினா, கால்நடைத் தீவனவியல். இந்தக் கொட்டகையில் மனிதப் பிறவி நான் ஒருத்திதான். இந்தக் குறிப்பு தலைமையகத்துக்குப் போகாது. அங்கே வரைபடம் மட்டும் போகும், மேலே ஏறும் கோடாக இருந்தால் போதும். இது எனக்குப் பிறகு இந்த நாற்காலியில் உட்காரப்போகிறவருக்கு. படிக்கத் தெரிந்தவராக இருப்பார் என்று நம்புகிறேன்.

சோதனை எளிது. இருபத்து நான்கு காளைகளுக்குத் தீவனத்தோடு 'துரிதம்' என்ற பொடி. மீதி இருபத்து நான்குக்கு வெறும் தீவனம். பெயரை விளம்பரப் பிரிவு வைத்தது, அதனால்தான் பேருந்துப் பெயர் போல இருக்கிறது. மாட்டின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் தீவனத்தில் ஒரு பங்கை மீத்தேனாக்கிவிடும். மாடு அதை ஏப்பமாக வெளியே விடும், அவ்வளவும் நஷ்டம். துரிதத்தில் உள்ள உயிருள்ள கிருமி அந்த நுண்ணுயிர்களைத் துரத்திவிடும், மிச்சமாகும் சக்தி சதையாகும் என்கிறார்கள். இங்கே புல் விளக்கொளியில் விளைகிறது. ஒரு கட்டுப் புல்லை மிச்சப்படுத்துகிறவனைத் தோளில் தூக்கி வைத்து ஆடுவார்கள். ஆகவே அவசரம்.

பொடியைத் தொடங்கிய நாள் முதல் இன்று வரை மீத்தேன் பாதிக்குமேல் குறைந்திருக்கிறது.

நாள் 14 · 15:40

தீவன வண்டி வந்து போனது. ஓட்டுபவர் ஹபீபுல்லா. பத்து நாளைக்கு ஒருமுறை வருவார். போகும் வழியெல்லாம் வானொலியில் பேசிக்கொண்டே போவார்.

"இந்த டிரம்முல என்னம்மா இருக்கு? மூடியைத் தொட்டா வெதுவெதுன்னு இருக்கு. உசுரு உள்ளதா?"

ஓட்டுவது உங்கள் வேலை, ஆராய்வது என் வேலை என்றேன். அதற்கப்புறம் வாய் திறக்கவில்லை. ஆனால் எழுத்தில் செய்தி அனுப்பத் தொடங்கியிருக்கிறார். அதற்கென்று ஒரு கோப்பு திறந்து, வருவதை எல்லாம் நேராக அதில் விழும்படி செய்துவிட்டேன். வண்டிக்காரரின் ஊர்க்கதைக்கு எனக்கு நேரமில்லை.

நாள் 19 · 09:00

எடை போட்டேன். துரிதம் தின்ற கூட்டம்: நாளொன்றுக்குச் சராசரி ஒன்றரைக் கிலோ ஏற்றம். ஒரு கிலோ சதைக்கு ஐந்து கிலோ முந்நூறு கிராம் தீவனம். தின்னாத கூட்டம்: ஒரு கிலோ இருநூறு கிராம் ஏற்றம், ஆறரைக் கிலோ தீவனம்.

என் கையால் எடுத்த எடை, பொய்யில்லை. பொடி வேலை செய்கிறது. அதை ஒப்புக்கொள்ள எரிச்சலாக இருக்கிறது.

நாள் 19 · 11:25

இயக்குநர் புஷ்பவனம் அழைத்தார். கால்நடைத் திட்டம் முழுவதற்கும் தலைவர். இதற்கு முன் தங்குமிடங்களுக்குத் திரைச்சீலை வாங்கும் பிரிவில் இருந்தார்.

"என்னம்மா பிலோமினா, தராசுல நூத்தி அறுபது, நூத்தி எழுபதுன்னு காட்டுது. நாம நானூறு கிலோ மாடுல்ல அனுப்பிச்சோம்? பட்டினி போடுறீங்களா?"

செவ்வாயின் ஈர்ப்பு பூமியில் பாதி கூட இல்லை, தராசு காட்டுவதைக் கணக்குப் போட்டுத்தான் படிக்க வேண்டும் என்றேன். 

"சரி. வரைபடத்துல பெரிய நம்பரையே போடுங்க."

இங்கே வந்து ஆறு ஆண்டு ஆகிறதாம் அவருக்கு. தினமும் படி இறங்கும்போது கால் என்ன சொல்கிறது என்று ஒரு நாளாவது கேட்டிருப்பாரா தெரியவில்லை.

நாள் 22 · 06:50

அடுப்பு அணைந்துவிட்டது. கூரைக்கு அடியில் ஒரு வாயுச் சல்லடை உண்டு. அது மீத்தேனை மட்டும் பிடித்து அடுப்புக்கு அனுப்பும், அடுப்பு தண்ணீரைச் சுடவைக்கும். இன்று பிடிக்க மீத்தேனே இல்லை. மின்சாரத்துக்கு மாற்றினேன்.

நாள் 22 · 10:30

ஒரே காலையில் இரண்டு கடிதம். தீவனப் பிரிவு: மீத்தேன் இல்லாமல் போனதற்குப் பாராட்டு. எரிபொருள் பிரிவு: மீத்தேன் இல்லாமல் போனதற்கு விளக்கம் தேவை. இரண்டிலும் கையெழுத்து புஷ்பவனம்.

பதில் எழுதவில்லை. அவருடைய பாராட்டுக் கடிதத்தையே விளக்கமாக அவருக்கு அனுப்பிவைத்தேன். படித்தாரா என்று தெரியவில்லை.

நாள் 24 · 08:15

கொட்டகையின் காற்றழுத்தம் பத்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. மூடிய கொட்டகை. உள்ளே யாரோ காற்றைச் சேர்த்தால்தான் ஏறும். நான் சேர்க்கவில்லை. மாடுகள்தான் மிச்சம்.

இதை நான் முன்பே பார்த்திருக்க வேண்டும். மீத்தேன் என்பது கரியும் ஹைட்ரஜனும். மீத்தேன் ஆக விடாமல் தடுத்தால் அந்த ஹைட்ரஜன் எங்கே போகும்? துரிதத்தின் கையேட்டில் நாலாம் பக்கத்தில் ஒரே வரி: பயனுள்ள கொழுப்பு அமிலங்களாக மாறும். படித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

நாள் 24 · 10:05

ஏழாம் எண் காளையின் பெருவயிற்றில் குழாய் விட்டு வாயு எடுத்தேன். இரட்டைக் கதவுக்கு இந்தப் பக்கம், சோதனை அறையில், சோதனைக் குழாயின் வாயில் ஒரு பொறி காட்டினேன்.

'பொப்' என்றது.

பத்தாம் வகுப்பில் எல்லோரும் செய்யும் சோதனை. ஹைட்ரஜன். துரிதம் உண்ட காளை ஒன்றுக்கு நாளைக்கு நூற்றைம்பது லிட்டர். கொட்டகையில் மீத்தேனுக்கு உணரி உண்டு, அமோனியாவுக்கு உண்டு, கரியமில வாயுவுக்கு உண்டு. ஹைட்ரஜனுக்கு இல்லை. மாட்டிடமிருந்து ஹைட்ரஜன் வரும் என்று வடிவமைத்தவர் நினைக்கவில்லை. விற்றவர் நினைத்தாரா என்பது வேறு கேள்வி.

நாள் 24 · 12:40

கூரையடிக் காற்றை எடுத்து அளந்தேன். நூற்றுக்கு 2.7. நான்கைத் தொட்டால் ஒரு சுவிட்சின் பொறி போதும்.

இனி கொட்டகைக்குள் எந்தச் சுவிட்சையும் தொடப்போவதில்லை. ஓடுகிற விசிறி ஓடட்டும், எரிகிற விளக்கு எரியட்டும். ஆபத்து போடும்போதும் அணைக்கும்போதும்தான்.

நாள் 25 · 07:00

துரிதத்தை நிறுத்திவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

நாள் 25 · 09:20

கேட்க வேண்டியதையும் கேட்டேன். கொட்டகைக் காற்றில் பாதியை வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும், அதற்கு நைட்ரஜனும் ஆக்சிஜனும் வேண்டும். புஷ்பவனத்தின் பதில் அப்படியே:

"காத்து கேக்காதீங்கம்மா. காத்து எல்லாருக்கும் பொது. அதெல்லாம் விழா முடியட்டும். இருபத்தெட்டாம் நாள் நானே வர்றேன், படமெடுக்கிறவங்களோட. கொட்டகைக்குள்ள குத்துவிளக்கு ஏத்தி, மாட்டுக்கு மாலை போட்டு, துரிதத்தை நாட்டுக்கு அர்ப்பணிக்கிறோம். நீங்க நல்ல சேலையா ஒண்ணு கட்டிக்கிட்டு ஓரமா நின்னாப் போதும்."

ஹைட்ரஜன் நிறைந்த கொட்டகையில் விளக்கா என்று கேட்டேன்.

"எல்.இ.டி. விளக்கு நல்லாவா இருக்கும்? எண்ணெய் விளக்குத்தான் படத்துல எடுப்பா இருக்கும்."

இந்த மனிதரிடம் இரண்டாயிரம் பேருக்கான இறைச்சியை ஒப்படைத்திருக்கிறார்கள்.

நாள் 27 · 08:00

பொடியை நிறுத்தி இரண்டு நாள் ஆகியும் வாயு குறையவில்லை, கூடுகிறது. எல்லாக் காளைக்கும் குழாய் விட்டுப் பார்த்தேன். ஆறு மணி நேரம். கிருமி தண்ணீர்த் தொட்டி வழியாகப் பரவிவிட்டது. பொடி தின்னாத இருபத்து நான்கில் இருபதின் வயிற்றிலும் அது குடியேறிவிட்டது. இனி அதற்குப் பொடி தேவையில்லை, மாடு போதும்.

கடைசி வரிசையில் தனித் தொட்டியில் குடிக்கும் நான்கு மட்டும் சுத்தம்: 45, 46, 47, 48.

பொதுத் தொட்டியை அனுமதித்தது நான். குழாய் வேலையை மிச்சம் பிடிக்க. இதைத் தலைமையகத்தின் தலையில் கட்ட வழி தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

கூரையடி: 3.5.

நாள் 28 · 08:30

கூரையடி: 3.9. விழாக் கூட்டம் கிளம்பிவிட்டது. வண்டியில் எட்டுப் பேர், ஓட்டுபவர் ஹபீபுல்லா. வந்து சேர மூன்று மணி நேரம்.

நாள் 28 · 08:50

புஷ்பவனத்தை அழைத்து, கதவைத் திறக்கமாட்டேன் என்றேன். அவர் கையில் மாற்றுச் சாவி இருக்கிறதாம்.

வண்டி வானொலியில் ஹபீபுல்லாவை அழைத்தேன். இப்படிச் சொன்னேன்: "ஹபீப் பாய், இங்க வந்து யாராவது ஒரு சுவிட்சைத் தொட்டா எல்லாரும் செத்துப்போவோம். வண்டியைத் திருப்புங்க."

அவரை நான் பாய் என்று அழைத்தது இதுதான் முதல் முறை. பின்னால் புஷ்பவனம் கத்துவது கேட்டது. பிறகு ஹபீபுல்லா அவரிடம் சொன்னது:

"சார், அந்தம்மா என்னைய மதிச்சுப் பேசுனதே இல்ல. ஆனா பொய் சொன்னதும் இல்ல. நான் திருப்புறேன். வேலைய விட்டுத் தூக்குறதுன்னா போய்ச் சேந்தப்புறம் தூக்குங்க."

வண்டி திரும்பிவிட்டது.

நாள் 28 · 09:10

அவர்கள் தப்பினார்கள். கொட்டகை தப்பவில்லை. மதியத்துக்குள் நான்கைத் தாண்டும். தண்ணீர்க் குழாயின் மோட்டார் தானாக நின்று நின்று ஓடும் வகை, ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு பொறி. சுவர் சிதறினால் பக்கத்திலிருக்கும் விதைக் கிடங்கும் சேர்ந்து போகும். நாற்பது ஆண்டுக்கான விதை.

வழி ஒன்றுதான். தீப்பிடித்தால் திறக்கவென்று கூரையில் ஒரு பலகணி உண்டு, கையால் சுழற்றித் திறப்பது. திறந்தால் காற்று முழுவதும் வெளியே போய்விடும். திறந்தபின் மூடாது.

நோய் மாட்டு அறைக்குத் தனிக் காற்று, தனி மின்சாரம். நான்கு காளை நிற்கலாம்.

நாள் 28 · 10:20

நான்கையும் ஓட்டி உள்ளே விட்டேன். 31ஆம் எண் கூடவே வந்துவிட்டது. தினமும் காலையில் நான் தீவனம் கலக்கும்போது வாளியில் தலையை விடும் காளை. துரிதம் தின்ற கூட்டத்திலேயே வேகமாக வளர்ந்தது அதுதான். அதன் வயிற்றில் வாயு. உள்ளே விட்டால் அந்தச் சின்ன அறை நான்கே நாளில் இன்னொரு கொட்டகையாகிவிடும்.

தள்ளினேன், நகரவில்லை. செவ்வாயில் மாட்டின் எடை குறையும், பிடிவாதம் குறையாது.

வெறும் வாளியைக் காட்டி வெளியே கூட்டிக்கொண்டு போனேன். வந்தது. அது வாளிக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருக்கும்போது நான் திரும்பி வந்து அறைக் கதவைச் சாத்தினேன்.

எந்தக் காளைக்கும் நான் பெயர் வைத்ததில்லை. பெயர் வைப்பவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

நாள் 28 · 10:55

கவச உடையில் பலகணியைத் திறந்தேன். நூற்றுப் பத்துச் சுற்று. எண்பதாவது சுற்றில் சத்தம் வந்தது, பிறகு சத்தத்தைக் கொண்டுவரக் காற்றில்லை.

நாற்பத்து நான்கு காளைகள். எல்லாம் விழ நாற்பது நொடி. பார்த்தேன். பார்க்காமல் எழுதக் கூடாது என்பதால் பார்த்தேன்.

நாள் 28 · 13:30

புஷ்பவனம்: "பொதுச் சொத்தைக் கொன்னிருக்கீங்க. விசாரணை வரும். உங்க அலைவரிசையை நிறுத்தச் சொல்லிட்டேன், இனிமே யாரையும் கூப்பிட்டுப் பயமுறுத்த வேண்டாம். அப்புறம், செத்த மாட்டோட எடையையாவது எடுத்து வைங்க. வரைபடம் பாதியில நிக்குது."

அதோடு தொடர்பு போய்விட்டது.

நாள் 28 · 16:10

செய்ய வேலையில்லை. ஹபீபுல்லாவின் கோப்பைத் திறந்தேன். பதினொரு செய்தி. மன்னிப்புக் கேட்பதற்கு முன், எதற்கு என்று தெரிந்துகொள்ளலாம் என்று.

ஒன்பதாம் நாள் நடந்ததைப் பற்றி ஒரு செய்தி: "அம்மா, உங்களுக்குக் குடுத்த மாதிரி டிரம்மு வடக்குக் கொட்டகையிலயும் நாலு இறக்குனேன். அங்க நூத்தி இருபது மாடு. உங்களுக்குத் தெரியுமோ என்னமோன்னுதான் சொல்றேன்."

இருபதாம் நாள்: "வடக்குல எபனேசர் சார் அடுப்பு அணைஞ்சுபோச்சுன்னு சொல்றார். ஏன்னு உங்ககிட்ட கேட்டுச் சொல்லச் சொன்னார். அவரு நேர்ல கேட்டா நீங்க கடிச்சுருவீங்கன்னு பயப்படுறார்."

இருபத்து மூன்றாம் நாள்: "பதில் வரலம்மா. பரவால்ல. எபனேசர் சார் காத்திருக்கார்."

எபனேசர். வடக்குக் கொட்டகைப் பொறுப்பாளர். இந்த வேலைக்கான நேர்காணலில் நான் முதலிடம், அவர் இரண்டாமிடம். அவர் எழுதிய அறிக்கை ஒன்றைக் கூட்டத்தில் எல்லோர் முன்பும் கிழி கிழியென்று கிழித்தேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

அங்கே அவரோடு சேர்த்து ஒன்பது பேர்.

நாள் 28 · 16:25

அலைவரிசை செத்திருக்கிறது. ஐந்து முறை முயன்றேன்.

நாள் 28 · 16:50

சின்ன வண்டி இருக்கிறது. அதன் வானொலி தலைமையகம் வழியாகப் போவதில்லை, நேராகப் பன்னிரண்டு கிலோமீட்டர் எட்டும். வடக்குக் கொட்டகை நூற்றுப் பத்துக் கிலோமீட்டர். மின்கலம் பாதி. முழுசாக ஏறக் காலை வரை ஆகும். மின்கலத்தையும் திட்டித் தீர்த்துவிட்டேன், இனித் திட்ட இங்கே ஒன்றும் பாக்கியில்லை.

நாள் 29 · 06:20

கிளம்புகிறேன். இதைக் கண்டெடுப்பவருக்கு: நோய் மாட்டு அறையில் நான்கு காளைகள் உயிரோடு. மாட்டுக்கு நாளைக்கு எட்டுக் கிலோ தீவனம், தண்ணீர் தானாக வரும். மூன்று நாளைக்குப் போட்டு வைத்திருக்கிறேன். எந்தப் பொடியும் கலக்காதீர்கள். வேகமாக வளராது. வளராவிட்டால் பரவாயில்லை.

நாள் 29 · 09:40 · வண்டியிலிருந்து

அறுபது கிலோமீட்டர். வலது சக்கரம் இழுக்கிறது. என்ன சொல்ல வேண்டும் என்று மனதில் எழுதிப் பார்த்தேன். மூன்று வரி. எந்தச் சுவிட்சையும் தொடாதே. எல்லோரும் கவச உடையில் வெளியேறுங்கள். பிறகு பேசலாம்.

நாள் 29 · 11:48 · வண்டியிலிருந்து

எட்டும் தூரம். அழைத்தேன், உடனே எடுத்தார். பின்னால் விசிறிகளின் இரைச்சல்.

"கேக்குது மேடம், எபனேசர்தான் பேசுறேன். நீங்களா கூப்பிடுறீங்க? நம்பவே முடியல. சொல்லுங்க."

நாள் 29 · 11:52

உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். கருவியில் பதிவாகியிருக்கிறது, மாற்ற முடியாது.

நான் சொன்னது: "எபனேசர், உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? அடுப்பு அணைஞ்சு ஒன்பது நாள் ஆச்சு, ஒரு குழாய் விட்டுப் பார்க்கத் தோணலையா? பள்ளிக்கூடப் பையனுக்குத் தெரியும். உன்னை மாதிரி ஆளுங்களை நம்பி நூத்தி இருபது மாட்டைக் குடுத்தா..."

இருபத்திரண்டு நொடி. மூன்று வரியில் ஒன்றுகூட இன்னும் சொல்லவில்லை.

அவர் சொன்னது: "மன்னிச்சுக்குங்க மேடம், இங்க ஒரே இரைச்சல், நீங்க பேசுறது சரியா விழல. கொட்டகை விசிறியை நிறுத்திட்டு வந்து கேக்குறேன். ஒரு நிமிஷம் இருங்க."

வேண்டாம் என்றேன். அவர் வானொலியைக் கீழே வைத்துவிட்டிருந்தார். நடந்து போகும் சத்தம் கேட்டது. எட்டு அடி.

நாள் 29 · 11:53

எபனேசர். பதில் சொல்லுங்கள்.

நாள் 29 · 11:55

எபனேசர்.

நாள் 29 · 12:04

வடக்கே அடிவானத்தில் தூசி எழுந்திருக்கிறது. இங்கே காற்று மெலிது, தூசி சீக்கிரம் படிந்துவிடும். படியவில்லை. வண்டியை ஓட்டுகிறேன். ஒன்பது பேரின் பெயரும் எழுதலாம் என்று பார்த்தேன், எபனேசரைத் தவிர யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது.